ஷெட்டைக் காலி பண்ணுங்க

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் "வேணும் அவனுக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். ஆகவே அந்த வரியையே விட்டுவிடுகிறேன். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே ஆறு கடலில் சேரும் இடத்தில் புதுத் துறைமுகம் வருகிறது. அதற்கு நடுவே ஒரு பெரிய குடியிருப்பு. தகர வீடு, பலகை வீடு, கடன் உடன் வாங்கி மாடி எழுப்பிய வீடுகூட இருக்கிறது. அரசாங்கம் உத்தரவைக் கொடுத்தது, போலீஸ் தடியைக் கொண்டுவந்தது, எங்கள் கம்பெனி மிஷினைக் கொண்டுவந்தது. இடிக்கிற பாவம் மட்டும் என் தலையில் விடிந்திருக்கிறது. லீவரை இழுத்தால் பக்கெட் இறங்கும். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.

நேற்று ஒரு பாத்திரக்காரம்மா தன் வாசலை விட்டு நகர மாட்டேன் என்று நின்றார். தள்ளுவண்டியில் எவர்சில்வர் விற்கிறவர். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவர் தலைமுடியைப் பிடித்துத் தரையோடு இழுத்தார்கள். இழுபடும்போதே கையில் அகப்பட்ட அண்டா மூடியை எடுத்து வீசினார். அது மிஷினின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வந்து என் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கி எதுவும் தெரியவில்லை. "உன் வீடு விளங்காமப் போக!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீடு எது மச்சான்? உங்கள் லைன் வீட்டில் சேலை கட்டி மறைத்த ஒரு மூலைதானே?

அதற்குத்தான் எழுதுகிறேன். கம்பெனி ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறது. ஓர் அறை, சமையல் மேடை, குழாயில் தண்ணீர். அவளை அனுப்பி வையுங்கள். "என் தங்கச்சிய கண்ணுல வச்சுப் பாத்துக்கணும்" என்று கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். கண்ணில் வைக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மாப்பிள்ளை

•

பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் அது தாங்குமா என்று பார்ப்போம்.

தையல் விஷயத்தை என் தங்கை வாயாடியிடம் மறைக்கச் சொன்னீர்கள். அதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டு மறை என்றால் எப்படி மறைப்பது? வாங்கிப் படித்தாள். உங்கள் நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தம்மா அப்புறம் எங்க போனாங்கண்ணே?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? பிறகு சொன்னாள்: "அடுத்தவ அடுப்ப இடிச்சுட்டு வந்து என் அடுப்புல உக்காந்து சாப்பிடுவாரா? அந்த வேலைய விடட்டும், நடந்தே வர்றேன்." சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் எனக்கே அடங்கியதில்லை. பகலெல்லாம் கிடங்கில் சாக்குத் தைத்துவிட்டு வந்து, வீட்டில் வாயால் என்னைத் தைக்கிறாள்.

என் கவலை இப்போது வேறு. இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இங்கே கூட்ஸ் ரயில் நின்றது. மூட்டை ஏற்ற ஆள் வேண்டும் என்று என் அப்பாவையும் அவர் கூட்டாளிகளையும் கூட்டிவந்து லைன் வீட்டில் போட்டார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறையிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் செய்து, நடுவில் சேலையைத் தொங்கவிட்டு வாழ்கிறோம். பக்கத்து மைதானத்தில் லோடுமேன்களுக்கு மனை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள். போன வருஷம் வீட்டு வசதி வாரியத்து அதிகாரி ஒருவர் வந்து சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டுவிட்டுப் போனார். எந்தக் கோட்டுக்குள் எந்த வீடு என்று நாங்களே பேசி முடித்து, சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகிவிட்டோம்.

திங்கட்கிழமை அந்தக் கோட்டின் மேல் லாரிகள் வந்து நின்றன. ஆண், பெண், குழந்தை, கட்டில், கழற்றிய கதவு, ஜன்னல் சட்டம். "எங்கேருந்து வர்றீங்க?" என்றால் "ஆத்து முகத்துல இருந்து. இந்த இடத்த கவர்மெண்ட் எங்களுக்குக் குடுத்திருக்கு" என்கிறார்கள். மைதானத்து ஓரத்தில் சும்மா கிடக்கும் பழைய குட்ஷெட்டின் பூட்டைப் போலீஸே உடைத்து அவர்களை உள்ளே தங்க வைத்தது.

என்னோடு மூட்டை தூக்கும் நெட்டையன்தான் முதல் கல்லை எறிந்தான். எறிந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, இரண்டாவது கல் என்னுடையது. ஒருவனுக்கு முன்பல் போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு அவன் உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவர்கள் நீங்கள் இடித்துத் துரத்திய ஆட்கள்தானா?

மச்சான்

•

மார்ச் 2

மச்சானுக்கு,

அவர்கள்தான். இங்கிருந்து போன லாரிகள் எந்த ஊருக்குப் போகின்றன என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்தபிறகு சைட் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் போய்ப் பார்த்தேன். நம் ரயில் பாதை கருப்புக் கோடாக இருக்கிறது. லைன் வீடு ஒரு சின்னக் கட்டம். மைதானம் வெள்ளை. "சார், அங்க லோடுமேனுங்களுக்கு மனை தர்றதா பேச்சு இருக்கே" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "மேப்புல ஒண்ணுமில்லையேய்யா. காலி இடம்" என்றார். அவருக்கு அந்த வெள்ளையைப் பார்த்தால் லாரி நிறுத்தத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

காலி என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் வேலையில் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் இன்ஜினைத் தணித்துவிட்டு "காலியா?" என்று கேட்பேன். ஒருவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து "காலி!" என்பான். அதன்பிறகுதான் பக்கெட்டின் பல்லை இறக்குவேன். போன வாரம் நல்ல மழை. பார்க்க வேண்டியவன் சகதியில் கால் வைக்கப் பிடிக்காமல் வாசலிலேயே நின்று "காலி" என்று கையை ஆட்டிவிட்டான். நான் இறக்கினேன். பக்கெட் மேலே வரும்போது ஒரு மெத்தையும், மெத்தையோடு ஒரு மனிதனும் வந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அவன் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஜினை அணைத்தேன். "நிறுத்தாத, ஓட்டு" என்று சூப்பர்வைசர் கத்தினார். அதற்குள் ஜனம் திரண்டுவிட்டது. கழியும் செங்கல்லுமாக வந்தார்கள். "காலி" என்று சொன்னவனைப் பிடித்து அங்கேயே மிதித்தார்கள், அவன் முகம் சேற்றுக்குள் போய்விட்டது. போலீஸ் முதலில் மேலே சுட்டது, பிறகு நேராகச் சுட்டது. நான் சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தேன் மச்சான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உடையிலேயே போய்விட்டது.

அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை. நானே இறங்கிப் போய்க் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். வேலையை விடச் சொல்கிறாள். நான் விட்டால் வேறொருவன் ஓட்டுவான், அவன் குனிந்து பார்க்க மாட்டான். இதை அவளிடம் சொல்லுங்கள். சால்ஜாப்பு என்பாள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

அந்த ஜனங்கள் உங்கள் மைதானத்தைத் தேடிப்பிடித்து வரவில்லை. லாரி இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினார்கள். ஏற்கெனவே அடிபட்டு வந்தவர்களை நீங்களும் அடிக்காதீர்கள்.

மாப்பிள்ளை

•

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

உபதேசம் கிடைத்தது. இடிக்கிறவர் அங்கே உட்கார்ந்துகொண்டு இடி வாங்குகிறவனுக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்கிறார். நல்லது.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். யார்டு கான்ட்ராக்டர் ஆற்று முகத்து ஆட்களைப் பாதிக் கூலிக்கு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவர்களும் வயிறு காய்ந்து கிடக்கிறார்கள், மறுப்பார்களா? நேற்று வரை நான் தூக்கிய மூட்டையை அவர்கள் தூக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். மனையும் போயிற்று, மூட்டையும் போயிற்று. மிச்சம் இருப்பது ஒரு குழாய். அதற்கும் அவர்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் கைகலப்பு. ஒருவன் மண்வெட்டியால் போட்டதில் நெட்டையனின் இடது கை விரல்கள் தொங்கிவிட்டன. அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. நான் மூட்டைக் கொக்கியை எடுத்தேன். என் எதிரில் நின்றவன் தோளில் அது இறங்கியதும், சாக்கில் இறங்குவதற்கும் ஆளில் இறங்குவதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. இழுத்தேன், கூடவே வந்தான். அவர்களும் சும்மா இல்லை, என் மண்டையை உடைத்துவிட்டார்கள். நமக்கு ஒரே மாதிரித் தையல் இப்போது. அடிக்க அடிக்க எனக்குப் பயம் விட்டுப்போகிறது மாப்பிள்ளை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் உங்கள் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? கிடங்கில் இருந்து கிழிந்த சாக்குகளைக் கொண்டுபோய், குட்ஷெட்டுக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்பு தைத்துக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் எழுதிய பாத்திரக்காரம்மா அங்கேதான் இருக்கிறாராம். இவள் போய், "உங்க வீட்ட இடிச்சது என் வீட்டுக்காரர்தான்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தாளு நெத்தி ஆறிடுச்சா?" என்று கேட்டாராம். இதை வந்து என்னிடம் பெருமையாகச் சொல்கிறாள். நெட்டையன் விரலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். லைன் முழுக்க என்னைப் பார்க்கிறது. அறைந்துவிட்டேன். உதடு கிழிந்தது. இனிமேல் அங்கே போக மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். அன்று முதல் அவள் பேசுவதில்லை. அந்த வாய் சும்மா இருந்தால் வீட்டில் உட்கார முடியவில்லை.

கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். அரசாங்கத்து ஆட்கள் உங்கள் சைட்டில் வந்து பேசுகிறார்கள் இல்லையா? நாங்கள் அந்த ஷெட்டில் கை வைத்தால் போலீஸ் யார் பக்கம் நிற்கும்? கேட்டுச் சொல்லுங்கள். கடிதத்தில் எழுத வேண்டாம், ஆள் மூலம் சொல்லி அனுப்புங்கள்.

மச்சான்

•

மார்ச் 19

மச்சானுக்கு,

அறைந்தீர்களா? நான் அவளை ஒரு தடவை "சும்மா இரு" என்று அதட்டியதற்கு உறவே வேண்டாம் என்று ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர் நீங்கள். நேரில் இருந்திருந்தால் உங்கள் மண்டையின் இன்னொரு பக்கத்துக்கும் தையல் போட வேண்டியிருக்கும். இதை இத்தோடு விடுகிறேன், விட முடியாமல்தான் விடுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் கேட்காமலே வேறொரு செய்தி காதில் விழுந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களை இறக்கி வைக்க ரயில் பாதை ஓரத்தில் இடம் வேண்டுமாம். உங்கள் மைதானத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. நாளை மறுநாள் மதியம் போலீஸோடு மிஷின் வந்து குட்ஷெட்டைத் தரைமட்டம் ஆக்கப்போகிறது. வேறு கம்பெனி, வேறு ஆபரேட்டர்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று யார் குனிந்து பார்ப்பார்கள்? மெத்தையோடு வந்த அந்த மனிதன் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை மச்சான்.

அதனால் இன்று காலையே, உங்கள் யார்டுக்கு சிமெண்ட் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரிக்கார அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு ஞாபக மறதி. நீட்டி முழக்கினால் பாதியை வழியில் தொலைத்துவிடுவார். ஆகவே ஒரே வரியில், "ஷெட்டக் காலி பண்ணிடச் சொல்லுங்க, நாளன்னைக்கு மதியத்துக்குள்ள, அப்புறம் போலீஸ் வந்துடும்" என்றேன். என் எதிரிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இந்தக் கடிதம் அவருக்குப் பின்னால்தான் வந்து சேரும். நீங்கள் படிக்கும்போது ஜனங்கள் பத்திரமாக வெளியே இருப்பார்கள் என்று நம்புகிறேன். அடித்த கையால் அவர்கள் கட்டிலையும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வையுங்கள். உங்களால் முடியும். ஊரிலேயே அதிக மூட்டை தூக்கியவர் நீங்கள்.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள். வேலையை விடுகிறேன். மாதக் கடைசியில் வருகிறேன். எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது என்று வந்து பேசிக்கொள்ளலாம். அவள் பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை

•

மார்ச் 25

உன் கடிதம் நேற்று வந்தது. கட்டிலை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கச் சொல்லியிருக்கிறாய். தூக்கினேன். அதன்மேல் உன் மனைவியைப் போட்டுத் தூக்கினேன்.

லாரிக்காரர் யார்டில் வந்து இறங்கியதும், "உங்க மாப்பிள்ளை சொல்லி விட்டாரு. ஷெட்டக் காலி பண்ணிடணுமாம். நாளைக்கு மதியத்துக்குள்ள. அப்புறம் போலீஸ் வந்துடுமாம்" என்றார். நான் உன்னிடம் என்ன கேட்டிருந்தேன்? போலீஸ் யார் பக்கம் என்று கேட்டிருந்தேன். அதற்கு இதுதான் பதில் என்று நினைத்தேன். மதியம் வரைக்கும் போலீஸ் வராது, அதற்குள் அடித்து முடித்துவிடுங்கள் என்று கம்பெனிக்காரன் வாயால் வந்த பதில். நெட்டையன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கூத்தாடினான். "மாப்பிள்ளையே காலி பண்ணச் சொல்லிட்டாருடா!" நாங்கள் அந்த வார்த்தையை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்? ஒருவன் தீர்ந்தான் என்றால் ஆள் காலி என்போம். என் அப்பா செத்தபோதுகூட யார்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

மறுநாள் காலை, வாயாடி தையல் ஊசியும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொண்டு கிடங்குப் பக்கம் போனதைப் பார்த்தேன். அவள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். போனோம். கொக்கி, கடப்பாரை, தண்டவாளத் துண்டு. பின்கதவுக்கு வெளியில் இரும்புச் சட்டத்தைப் போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன். முன்கதவு வழியாக உள்ளே புகுந்தோம். வெளிச்சத்தில் இருந்து போனதால் எதுவும் தெரியவில்லை. சாக்குத் திரைகளாகத் தொங்குகின்றன. திரையில் எது அசைந்தாலும் அடித்தோம். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது, யாருடையது என்று பார்க்கவில்லை. அடுப்பு ஏதோ சாய்ந்து சாக்கில் தீப்பிடித்தது. ஒன்றில் பிடித்தது அடுத்ததற்குத் தாவி, கண் மூடித் திறப்பதற்குள் கூரை வரை போய்விட்டது. நாங்கள் வெளியே ஓடி வந்தோம். அவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள்.

உள்ளே இருந்து "அண்ணே, அண்ணே, கதவத் திறங்கண்ணே" என்று கத்தினார்கள். எல்லாப் பெண்களும் அண்ணே என்றுதான் கத்தினார்கள். முன்பின் தெரியாதவனையும் அண்ணே என்றுதானே கூப்பிடுவார்கள்? அதில் எது என் தங்கச்சி என்று நான் எப்படிப் பிரிப்பேன்? நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே நின்றேன்.

கிடங்குப் பக்கம் போனவள் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குத்தான் போயிருக்கிறாள். தினமும் அப்படித்தான் போனாளாம், எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தவிர. சட்டத்தை எடுத்தபோது கதவோடு ஒட்டிக் கிடந்தவர்கள் ஐந்து பேர். அவள் அடியில் கிடந்தாள். கையில் ஊசி குத்தி நின்றது. பாத்திரக்காரம்மா உயிரோடு இருக்கிறார், இரண்டு கையும் வெந்துவிட்டது. அவர்தான் "இது உன் தங்கச்சிதானேய்யா" என்று எனக்குக் காட்டினார்.

மதியம் போலீஸ் வந்தது, நீ சொன்னபடி. நெட்டையனையும் மற்றவர்களையும் அடித்து வேனில் ஏற்றினார்கள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் ஷெட்டு ஆள் என்று நினைத்து, ஒரு போலீஸ்காரன் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான்.

உன் வாயில் வேறு வார்த்தையே இல்லையா? வெளியே கூட்டிட்டு வா என்று சொல்லத் தெரியாதா உனக்கு? காப்பாத்து என்று சொல்லத் தெரியாதா?

•

மார்ச் 31

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் சாக்குத் திரை வரைக்கும் போவேன், அதற்கு மேல் கண் போகாது.

வீட்டைக் காலி பண்ணு என்றால் என்ன அர்த்தம்? கடையைக் காலி பண்ணு என்றால்? பஸ்ஸைக் காலி பண்ணு என்றால் உள்ளே ஏறிப் பயணிகளை வெட்டுவீர்களா? உலகத்துக்கெல்லாம் தெரிந்த அர்த்தம் உங்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்றா? தெரியும் உங்களுக்கு. அடிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் காரணம் தேடிக்கொண்டிருந்தீர்கள். என் வார்த்தை வந்து அகப்பட்டது. நான் என்ன சொல்லி அனுப்பியிருந்தாலும் உங்கள் காதில் அதுதான் விழுந்திருக்கும்.

இப்படி எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் நன்றாக இருக்கிறது. அப்புறம் வேறொன்று தோன்றுகிறது. நான் பார்த்த அத்தனை வீட்டுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லித்தானே பல்லை இறக்கினேன்? உங்களுக்கு மட்டும் அது நல்ல வார்த்தையாகப் போய்ச் சேரும் என்று எப்படி நம்பினேன்? அவள் அப்போதே சொன்னாள், வேலையை விடு என்று. நான் குனிந்து பார்க்கிறேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கலவரம் நடந்ததால் லைன் வீடுகளையும் எடுத்துவிட உத்தரவாம். கன்டெய்னர் யார்டுக்கு அந்த இடமும் சேர்கிறதாம். இந்த வேலை எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்ச ஊருதானே, நீயே போயிட்டு வா" என்றார். கையில் இருந்த ஸ்பேனரால் அவர் வாயிலேயே போட்டேன். பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். இன்னும் இரண்டு போட்டிருப்பேன், பிடித்துக்கொண்டார்கள், உதறிவிட்டு வந்துவிட்டேன். சாவி என் பையில்தான் இருக்கிறது. மிஷின் டிரெய்லரில் ஏற்றி நிற்கிறது, டிரெய்லர் டிரைவர் என் சிநேகிதன்.

வருகிறேன். வேறு எந்த வீட்டையும் தொட மாட்டேன். உங்கள் வீட்டுக்கு முன்னால் நிறுத்துவேன். காலியா என்று கேட்க மாட்டேன். நீங்கள் உள்ளேயே இருங்கள். முடித்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய், ஷெட்டுக்குச் செய்தி அனுப்பியவன் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் கணக்குத் தீரும், எனக்கும் தீரும்.

•

ஏப்ரல் 9

இடது கையால் எழுதுகிறேன். கோழிக்கிறுக்கல் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையைப் போலீஸ் லத்தியால் இரண்டு இடத்தில் முறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு விலங்கு போட்டிருக்கிறது. வார்டு கூட்டுகிற அம்மா இதை எடுத்துப்போய்த் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் வந்த அன்று வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். அவள் பக்கத்துச் சேலையை மடித்து வைத்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். பயமில்லை. நீ வந்தால் சரி என்றுதான் இருந்தது. மிஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை, பூட்ஸ் சத்தம்தான் கேட்டது. பாத்திரக்காரம்மா ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வராதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். லைன் வீட்டில் இடிக்க ஆளும் இல்லை, பொருளும் இல்லை. போலீஸுக்குப் பயந்து எல்லோரும் போய்விட்டார்கள். துறைமுகத்தில் லோடு ஏற்ற ஆள் எடுக்கிறார்களாம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் குடும்பத்தோடு லாரி ஏறி அந்த ஆற்று முகத்துக்கே போய்விட்டார்கள். நீ இடித்துப் போட்ட இடத்திலேயே தகரத்தை நிறுத்திக் குடிசை போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. ஷெட்டில் மிஞ்சியவர்களை வேறு எங்கோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

செத்த ஐந்து பேரும் ஆற்று முகத்து ஆட்கள் என்றே எழுதிவிட்டார்கள். அவளையும் அவர்களோடு சேர்த்துவிட்டார்கள். திருத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் யாரோடு இருந்தாளோ அவர்களோடு இருக்கட்டும்.

இப்போது அவர்களுக்கு வேண்டியது நீ. அன்று மதியம் மிஷின் அனுப்பும் திட்டமே இல்லை என்று அரசாங்கம் சொல்கிறது, கம்பெனியும் சொல்கிறது. அப்படியானால் ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டவன் யார், அவன்தான் கொலைக்குத் தூண்டியவன் என்று கேஸ் ஜோடிக்கிறார்கள். லாரிக்காரர் தலைமறைவு. நெட்டையனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்தார்கள். "மாப்பிள்ளை சொல்லிவிட்டாரு" என்கிறான், யாருடைய மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லவில்லை, பெயர் அவனுக்கும் தெரியாது. லைன் முழுக்க உன்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது, உன் பெயரை யாரும் கேட்டதே இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "ஊர்ல பாதிப்பேர் மீதிப்பேரை மாப்பிள்ளைன்னுதான்யா கூப்பிடறான். இதுல எந்த மாப்பிள்ளை?" என்று கத்துகிறார். மனுஷன் சிரிப்பு காட்டாமல் கத்துகிறார்.

நேற்று என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. முறிந்த கையின் மேல் லத்தியை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே கேட்டார். "நீதானே அவனுங்களுக்குத் தலைவன். உன்கிட்டதான் சேதி வந்திருக்கு. அந்த மாப்பிள்ளை உனக்கு என்ன வேணும்? தங்கச்சி புருஷனா?"

உன் பெயரைச் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்குத் தங்கச்சியே இல்ல சார்" என்றேன். "தங்கச்சி இல்லாதவனுக்கு மாப்பிள்ளை ஏது?"

கையில் இருந்த நோட்டை மூடினார். பிறகு லத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.